சாமிக்கு மூச்சு முட்டுது

அன்று ஆயுத பூஜை. வெயில் மேற்கே சாய்ந்த நேரத்தில், திருப்பூர் மின்காவல் நிலையத்தின் பெரிய திரை முழுக்கப் பச்சையாகிவிட்டது.

நல்ல விஷயம்தானே என்று தோன்றும். அங்கே வேலை பார்த்தவர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. பூஜை முடிந்து பொரிகடலைப் பொட்டலத்தோடு வீட்டுக்குக் கிளம்பியவர்கள், போகிற போக்கில் திரையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள். எல்லாம் சரஸ்வதி கடாட்சம் என்றார் ஒருவர். அந்தத் திரையைக் கண்காணிப்பதே வேலையான சாருலதாவுக்கு மட்டும் பொரி தொண்டையில் இறங்கவில்லை.

மின்வாரியக் கம்பியில் வரும் கரண்ட் ஆலைகளுக்கே போதாமல், வீடுகளெல்லாம் தங்கள் பிழைப்பைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டியதாகிவிட்ட காலம் அது. மாடியில் சூரியத் தகடு, கீழே பீரோ உயரத்துக்கு ஒரு பேட்டரிப் பெட்டி. ஃபேன் சுற்றுவது, மாவு அரைபடுவது, பிள்ளைகள் படிப்பது எல்லாம் அந்தப் பெட்டியின் தயவு. ஆனால் அரிசி மூட்டை மாதிரி வாங்கி மூலையில் போட்டுவிட்டு மறந்துவிடக்கூடிய பொருள் அல்ல அது. கறவை மாடு மாதிரி. தினம் ஒருமுறையாவது அதன் முகத்தைப் பார்க்க வேண்டும். சுற்றிக் காற்றுப் போக இடம் விட வேண்டும். மேலே எதையும் அடுக்கக் கூடாது. நம் ஆட்களுக்கு ஒரு தட்டையான இடத்தைக் கண்டால் அதன்மேல் எதையாவது வைக்காவிட்டால் தூக்கம் வராது என்பது வேறு விஷயம்.

ஊருக்கே தினம் பார்க்க நேரமில்லை என்பதால்தான் பெட்டிக்கு மூக்கு வைத்தார்கள். உள்ளே ஒரு செல் கெட்டுப்போகத் தொடங்கினால், புகை வருவதற்கு வெகு நேரம் முன்பே, லேசாக ஒரு தித்திப்பு வாசம் கசியும். மனிதர்கள் அதைக் கவனிப்பதில்லை. மூக்கு கவனித்துவிடும். கொஞ்சமாகக் கசிந்தால் நிலையத்துத் திரையில் மஞ்சள் புள்ளி. அதிகமானால் சிவப்பு. பெட்டி தன் இணைப்பைத் தானே அறுத்துக்கொண்டு தெருவே கேட்க ஊளையிடும். வீட்டார் வெளியேற, நிலையத்து ஆட்கள் வந்து பெட்டியை உருட்டிக்கொண்டுபோய் மணல் குழியில் இறக்கிவிடுவார்கள். மூக்கு வந்த பிறகு பேட்டரித் தீயில் யாரும் சாகவில்லை.

என்ன, அது மாமியார் மூக்கு. எதையும் விடாது. பக்கத்து அறையில் யாராவது நகப்பூச்சு போட்டால் மஞ்சள். கதவுக்கு வார்னிஷ் அடித்தால் மஞ்சள். இட்லி மாவு புளித்துப் பொங்கினால்கூட மஞ்சள். அதனால் நிலையத்துத் திரையில் எந்நேரமும் பத்திருபது மஞ்சளாவது கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பழகிய கண் சாருலதாவுடையது. இன்று காலையிலிருந்து அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அவிந்துகொண்டே வந்து, இப்போது ஒன்றுகூட இல்லை. ஊரே சந்தனம், சாம்பிராணி, பெயின்ட் என்று மணக்கும் நாளில், மூக்குகள் எதுவும் எதையும் முகரவில்லை. அழுகிற பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிடலாம். ஊரில் இருக்கிற பிள்ளைகளெல்லாம் ஒரே நேரத்தில் அழுகையை நிறுத்தினால் யாருக்குத்தான் பயம் வராது?

அவிந்த புள்ளிகளில் ஒன்று ஊத்துக்குளியில் இருந்தது. சாருலதாவின் பயத்துக்கு அதுவும் காரணம். அது அவளுடைய சம்பந்தி வீடு. ஒரே மகள் ஆதிரையை அங்கேதான் கட்டிக்கொடுத்திருந்தாள். அவளுக்கு இப்போது ஏழாம் மாசம்.

அந்த வீட்டுப் பெட்டி நேற்றிலிருந்து விட்டுவிட்டு மஞ்சள் காட்டியது. சாருலதா மகளைக் கூப்பிட்டு நகப்பூச்சு போட்டாயா என்று கேட்டாள். இல்லை என்றாள் ஆதிரை. ஆனால் தனக்கும் என்னவோ தித்திப்பாக ஒரு நாற்றம் வந்துகொண்டே இருப்பதாகச் சொன்னாள். மாசமாக இருக்கிறவளுக்குத் தாளிக்கிற கறிவேப்பிலைகூட நாறும். எல்லாம் அப்படித்தான் இருக்கும் கண்ணு, பண்டிகை முடிந்ததும் ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு சாருலதா போனை வைத்துவிட்டாள். விட்டுவிட்டு வரும் மஞ்சளுக்கு நிலையத்து வழக்கமும் அதுதான்.

உடனே ஓடிப்போய்ப் பார்க்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆடி மாசம் பழைய பெட்டிகளையெல்லாம் எடுத்துவிட்டுப் புது மாதிரிப் பெட்டிகளை வீடு வீடாக வைத்தபோது, சாருலதா சம்பந்தி வீட்டுக்குப் போய், வந்த காபி ஆறும்வரை பாடம் நடத்தியிருந்தாள். அரிசி டிரம்மை இங்கே வைக்கக் கூடாது, படுக்கிற அறைச் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது, வாசம் வந்தால் என்ன ஏது என்று ஆராயாமல் எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். சம்பந்தியம்மா செல்வநாயகி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கடைசியில் மரியாதை குறையாமல் ஒன்று கேட்டாள். "ஏனுங் சம்பந்தி, நீங்க பொண்ணப் பாக்க வந்தீங்களா, பேட்டரியப் பாக்க வந்தீங்களா?" பெண் கொடுத்த இடம். அதற்குமேல் வாய் கொடுக்க முடியுமா? அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சு ஆதிரை வழியாகத்தான் போய்வந்தது.

சாருலதா எழுந்தாள். நிலையத்தின் சொந்தப் பேட்டரிப் பெட்டி வராந்தாவில் நின்றது. அதையாவது சோதித்துப் பார்ப்போம் என்று அன்வர்தீனைக் கூப்பிட்டாள். அன்வர்தீன் அன்றைய ஷிப்டின் பொறுப்பாளர். ஆயுத பூஜைக்கு அவனும் ரம்ஜானுக்கு மற்றவர்களும் வேலை பார்ப்பது என்று அங்கே ஒரு ஒப்பந்தம் வெகுநாளாக நடப்பில் இருந்தது. கை கழுவ வைத்திருந்த சானிடைசர் பாட்டிலைத் திறந்து பெட்டியின் முன்னால் பிடிக்கச் சொன்னாள். சாதாரண நாளில் அதற்கே மூக்கு அலறும். அன்வர்தீன் பாட்டிலைப் பெட்டிக்கு வெகு அருகில் பிடித்தான். பச்சை விளக்கு அப்படியே நின்று எரிந்தது.

அன்வர்தீன் பெட்டியின் முகத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளை வெளேரென்ற வழவழப்பான முகம். அதன் நடுவில், மனிதர்களின் நெற்றி வரும் உயரத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வட்டம். அந்த வட்டம் நிறையச் சந்தனம். அதற்கு நடுவில் குங்குமம். அழகாகத்தான் இருந்தது.

"அக்கா, சந்தனம் வெச்சிருக்கீங்களே, அந்த எடம் மூக்குத்தானே?" என்று மெல்லக் கேட்டான்.

சாருலதா பெட்டியின் பக்கத்தில் வந்து பார்த்தாள். வைத்தவள் அவள்தான். காலையில் குளித்துவிட்டு வந்து, பூஜையில் அத்தனை பக்தியாக, தன் விரலாலேயே வைத்தாள். பழைய பெட்டிகளுக்கு மூக்கு முதுகுப்பக்கம் இருந்தது. இந்தப் புது மாதிரியை எந்த ஊரிலோ உட்கார்ந்து வரைந்த ஆட்கள், காற்று நன்றாகப் படட்டும் என்று அதை முகத்துக்கு நடுவில் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அவர்களுக்கு ஆயுத பூஜை தெரியாது. நெற்றி என்று ஒன்று இருந்து, அதில் வட்டமாக ஓர் இடமும் இருந்தால், நம் ஊரில் கை சும்மா இருக்காது என்பதும் தெரியாது. மூக்கு எங்கே இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் வகுப்பு எடுத்தவளே அதன்மேல் சந்தனத்தை அப்பியிருக்கிறாள். மற்றவர்களைச் சொல்வானேன்.

முந்தானை நுனியால் அவள் அந்தப் பொட்டைத் துடைத்தாள். துடைத்த மறுநிமிடம் பெட்டி சானிடைசரை முகர்ந்து மஞ்சளைக் கொளுத்தியது. உள்ளே திரையில் ஊர் முழுக்க இருந்த பச்சைக்கு நடுவே நிலையத்தின் புள்ளி மட்டும் மஞ்சளாக மின்னியது.

"ஊர்ல இருக்கற எல்லா மூக்கையும் அடைச்சுட்டோம் அன்வர். முன்னால வெளக்கு வேற ஏத்தி வெச்சிருப்பாங்க" என்றாள்.

முதலில் ஆதிரையைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சம்பந்தியம்மாவுக்குப் போட்டாள். அதுவும் எடுக்கவில்லை. மாப்பிள்ளை முகிலன் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் பூஜை, அங்கே மேளச் சத்தத்தில் அவனுக்கு எது கேட்கும்? வண்டிச் சாவியை எடுத்துவிட்டாள். வாசல்வரை போய்விட்டாள். அங்கே நின்று திரும்பித் திரையைப் பார்த்தாள். அத்தனை வீடு. ஒவ்வொரு வீட்டிலும் மூக்கடைத்த ஒரு பெட்டி, அதன் முன்னால் ஒரு விளக்கு. ஊத்துக்குளிக்குப் போய்ச் சேருவதற்குள் இதில் எந்த வீடு முந்திக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்? அவள் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

எல்லாப் பெட்டிக்குள்ளும் ஓர் ஒலிபெருக்கி உண்டு. ஊருக்கே ஆபத்து என்றால் மட்டும் நிலையம் அதில் பேசலாம். அனுமதி தரும் அதிகாரம் அன்வர்தீனுக்கு இருந்தது. அவன் உடனே கொடுத்தான். பெட்டியின் முன்பக்க வட்டத்தில் உள்ள சந்தனம், குங்குமத்தை உடனடியாக அழிக்கவும் என்று வாசகமும் தட்டச்சு செய்துவிட்டான். தட்டச்சு செய்ததைப் படித்துப் பார்த்தவன் அப்படியே நிறுத்திவிட்டான்.

"இத நான் பேசக் கூடாதுக்கா. பூஜை அன்னிக்கு அன்வர்தீன்னு ஒருத்தன் குங்குமத்த அழிங்கன்னு சொன்னான்னு வெச்சுக்குங்க, பேட்டரி பத்தறதுக்கு முன்னால வேற பத்திக்கும். நீங்க பேசுங்க."

"நான் சொன்னா மட்டும் அழிச்சுருவாங்களா?" என்றாள் சாருலதா.

அவளுக்கு அது தெரிந்த அளவுக்கு அவனுக்குத் தெரிய நியாயமில்லை. ஆதிரை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் கணவர் போய்விட்டார். அன்றைக்கு நான்கு பெண்கள் பிடித்து உட்காரவைத்துத் துடைத்த நெற்றி அவளுடையது. சூரியத் தகடு வந்தது, முகரும் பெட்டி வந்தது, அந்தப் பழக்கம் போகவில்லை. பொட்டை அழி என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் ஒரே ஓர் அர்த்தம்தான். ஆயுத பூஜை அன்று அதைச் சொன்னால், கேட்கிற பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்களே தவிர, துணியை எடுக்க மாட்டார்கள். வேறு மாதிரிச் சொல்ல வேண்டும். சாருலதா தட்டச்சு செய்ததை ஒதுக்கிவிட்டு ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

ஊர் முழுக்க, வாழைக்கன்றும் மாலையுமாக நின்ற பெட்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வாய் திறந்தன. சில வீடுகளில் தட்டில் கற்பூரத்தோடு நின்றவர்கள் அப்படியே சாஷ்டாங்கமாக விழுந்துவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள்.

"மின்காவல்லருந்து பேசறனுங்க. பயப்படாதீங்க. பெட்டிக்குப் பொட்டு வெச்சீங்களே, அந்த எடம் நெத்தி இல்லீங்க, மூக்குங்க. சாமிக்கு மூச்சு முட்டுதுங்க. பொட்ட அழிக்கச் சொல்லலீங்க. எடம் தப்பி வெச்சுட்டோம், அவ்வளவுதான். ஈரத் துணியில பதனமா எடுத்துட்டு, ஒரு சாண் மேல மறுக்கா வெச்சுருங்க. வெளக்கையும் கற்பூரத்தையும் அக்கட்டால கொண்டுபோயிருங்க."

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். பொத்தானிலிருந்து விரலை எடுப்பதற்குள் அவளை மீறி வந்துவிட்டது.

"ஆதிரை, கண்ணு, நீ கேட்டீன்னா வெளிய போயிரு. அம்மா வந்துட்டே இருக்கேன்."

ஊரே அதையும் கேட்டது.

ஊத்துக்குளி ரோட்டில் வண்டியை விரட்டினாள். வழியெங்கும் பூசணிக்காய் உடைத்துப் போட்டிருந்தார்கள். வழுக்கிவிடாமல் வளைந்து வளைந்து போக வேண்டியிருந்தது. பாதி வழியில் தலைக்கவசத்துக்குள் அன்வர்தீனின் குரல் கேட்டது. மஞ்சள் திரும்பி வருகிறது என்றான். முதலில் காங்கயம் ரோட்டுப் பக்கம் ஒன்று, அப்புறம் நாலு, அப்புறம் எண்ண முடியவில்லை, திரையே சாமந்திப்பூப் போட்ட மாதிரி இருக்கிறது என்றான். இரண்டு இடத்தில் சிவப்பும் விழுந்திருந்தது. இரண்டு வீட்டிலும் ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள், ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஊத்துக்குளி என்ன ஆச்சு என்று சாருலதா கேட்டாள். அது இன்னும் பச்சைதான் என்றான்.

சம்பந்தி வீட்டு வாசல் கதவு திறந்து கிடந்தது. கோலம் கலையாமல் இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள், பதில் இல்லை. மறுபடி ஆதிரையின் எண்ணுக்குப் போட்டாள். மணி வீட்டுக்குள்ளேதான் அடித்தது. பெட்டிக்கு அடுத்த அறையில், ஆதிரை மத்தியானத்தில் படுக்கும் அறையில்.

வாசம் வந்தால் ஆராயாமல் வெளியே போய்விட வேண்டும் என்று ஊருக்குச் சொன்னவள், வாசலிலேயே அந்தத் தித்திப்பை முகர்ந்துவிட்டாள். நகப்பூச்சைக் கரைக்கிற மருந்தில் சர்க்கரையைக் கலந்த மாதிரி ஒரு நெடி. ஊருக்குத்தான் உபதேசம். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். அறையில் கட்டில் இருந்தது, தலையணை இருந்தது, தலையணைமேல் போன் அடித்துக்கொண்டிருந்தது. ஆதிரை இல்லை. குளியலறை, அடுப்படி, எங்கும் இல்லை.

கூடத்தில் பேட்டரிப் பெட்டி பச்சை விளக்கோடு சாதுவாக நின்றது. அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம். செல்வநாயகி எதிலும் கஞ்சத்தனம் பார்க்காதவள். மேலே வைத்திருந்த குங்குமமும் வழிந்து, மூக்கு இருந்த இடமே தெரியவில்லை. விதவை ஒருத்தி பூஜை நாளில் சம்பந்தி வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்து பொட்டை அழித்தாள் என்று நாளைக்கு உறவெல்லாம் பேசும். அதெல்லாம் ஒரு கணம் மனசில் ஓடியது. பேசட்டும். முந்தானையால் ஒரே இழுப்பில் துடைத்தாள்.

பெட்டி அலறியது. மஞ்சளுக்கு நிற்காமல் நேரே சிவப்புக்குப் போய், உள்ளே கடக்கென்று இணைப்பை அறுத்துக்கொண்டு ஊளையிட்டது. வீட்டு விளக்குகள் அணைந்தன. சாருலதா வெளியே ஓடிவந்தாள். மகளை எங்கே தேடுவது என்று தெரியாமல் வாசலில் நின்றபோது, ரோட்டுக்கு அந்தப் பக்கத்துத் தென்னந்தோப்பிலிருந்து "அம்மா, இங்க" என்று ஒரு குரல் வந்தது.

தோப்பில் கயிற்றுக் கட்டில் போட்டு ஆதிரை சாய்ந்திருந்தாள். மடியில் பொரித் தட்டு. பக்கத்தில் முக்காலியில் செல்வநாயகி விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். சாருலதா எப்படி ரோட்டைத் தாண்டினாள் என்று அவளுக்கே தெரியாது. மகளின் முகத்தை, கையை, வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் வரப்பில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். இத்தனை நிம்மதியாக அவள் அழுது எத்தனையோ வருஷமாகியிருந்தது. ஆதிரை என்ன செய்வது என்று தெரியாமல் அம்மாவின் வாயில் கொஞ்சம் பொரியை ஊட்டினாள். இந்த முறை அது இறங்கியது.

"போனெல்லாம் உள்ளயே கெடக்குதுங் சம்பந்தி. எடுக்கப் போகலாம்னு பாத்தா, புள்ள விடமாட்டேனுட்டா" என்றாள் செல்வநாயகி.

நடந்ததை அவள் சொல்லச் சொல்ல சாருலதா கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில் பொட்டு வைத்தபோதே பெட்டி பச்சையாகிவிட்டது. சாமி கண் திறந்துவிட்டது என்று செல்வநாயகி சந்தோஷப்பட்டாள். ஆனால் ஆதிரை நாற்றம் நாற்றம் என்பதை நிறுத்தவில்லை. செல்வநாயகிக்கு எந்த நாற்றமும் தெரியவில்லை, அவளுக்குத்தான் ஐப்பசி பிறக்கும் முன்பே ஜலதோஷம் பிடித்துவிடுமே. சாயந்திரம் நல்ல நேரம் பார்த்து விளக்கேற்றத் தீப்பெட்டியைக் கையில் எடுத்தபோது, வேண்டாம் அத்தை என்றாள் ஆதிரை.

"பெட்டி ஒண்ணுமில்லீங்குது, புள்ள இருக்குதுங்கறா. ரெண்டுல யார நம்பறது? வயித்துல ஒரு உசுர வெச்சிருக்கறவ மூக்கு எதுக்குங் பொய் சொல்லோணும்? தீப்பெட்டியக் கீழ போட்டுட்டு, கட்டலத் தூக்கீட்டு இங்க வந்துட்டோம்." செல்வநாயகி விசிறியை மடியில் வைத்தாள். "நீங்கதானுங் அன்னிக்குச் சொன்னீங்க, வாசம் வந்தா ஆராயாம வெளிய போயிரோணும்னு. எனக்குக் கோவம் வந்துச்சுங், இல்லீன்னு சொல்லல. ஆனா சொன்னது காதுல உளுந்துச்சல்லோ. அரிசி டிரம்மக்கூட மறுநாளே நவுத்தி வெச்சுட்டனுங்."

சாருலதாவால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஊருக்கே மூக்கைப் பற்றி வகுப்பு எடுத்தவள் இவள். இவளிடம்தான் மகள் நேற்றே சொன்னாள். இவள் நிலையத்து வழக்கத்தை நம்பினாள். பேட்டரியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று இவள் நினைத்த சம்பந்தி, பிள்ளையை நம்பியிருக்கிறாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வெட்கத்தைவிட நிம்மதி பெரிதாக இருந்ததால், அதையும் சேர்த்து விழுங்கிக்கொண்டாள்.

"உங்க வீட்டுப் பொட்ட நான் அழிச்சுட்டனுங்" என்றாள் கடைசியில்.

"பின்ன, அப்படியே உட்டிருப்பீங்களாக்கும்?" என்றாள் செல்வநாயகி.

நிலையத்து ஆட்கள் வந்தார்கள். முகமூடியும் நீளக் கையுறையுமாக இரண்டு பேர் உள்ளே போய்ப் பெட்டியைச் சக்கரத்தில் ஏற்றி உருட்டிக்கொண்டு வந்து, தோப்புக்கு அப்பால் ஊர்ப் பொது மணல் குழியில் இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் குழிக்குள் சீறல் கேட்டது. கெட்டுப்போயிருந்த ஒரு செல் வீங்கி வெடித்து, வெள்ளையாகப் புகை எழுந்து, தென்னை மட்டைகளுக்கு மேலே போய்க் கலைந்தது. மணலுக்கு ஒன்றும் ஆகவில்லை. வேடிக்கை பார்க்க வந்த அக்கம்பக்கத்தார் மீதிப் பொரியைத் தின்றுகொண்டே, சாமி மலையேறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் புகை வீட்டுக்குள், அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் எழுந்திருந்தால் என்று சாருலதா நினைக்க ஆரம்பித்தாள். ஆதிரை இன்னும் பொரி கேட்டதால் அந்த நினைப்பு பாதியில் நின்றுவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. மின்காவல் நிலையத்துக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. ஆதிரை யார், அந்தப் பிள்ளை வெளியே வந்துவிட்டதா, நன்றாக இருக்கிறதா என்று கேட்டார்கள். அன்வர்தீன் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனான். போகிற போக்கில் பிள்ளை ஏழு மாசம் என்பதையும் யாரிடமோ சொல்லிவைத்தான். வளைகாப்புக்கு முன்னால் நிலையத்துக்கு வளையல் பொட்டலங்கள் வர ஆரம்பித்தன. பல்லடம், அவிநாசி, பெருமாநல்லூர் என்று முகம் தெரியாத வீடுகளிலிருந்து வந்தவை. அத்தனையையும் போட்டுக்கொள்ள ஆதிரைக்குக் கை போதாது. அடுத்து வந்த மாதிரிப் பெட்டிகளில் மூக்கைக் கீழே இறக்கிவிட்டு, நெற்றியில் வெறுமனே ஒரு வட்டம் பதித்திருந்தார்கள். அது எதற்கு என்று எந்த விளக்கமும் எழுதியிருக்கவில்லை. யாருக்கும் தேவைப்படவும் இல்லை.

வளைகாப்பு ஊத்துக்குளி வீட்டுக் கூடத்தில்தான் ஏற்பாடாகியிருந்தது. மணை போட்டு ஆதிரையை உட்காரவைத்திருந்தார்கள். சாருலதா வழக்கப்படி கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் ஓர் இடத்தைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். செல்வநாயகி சந்தனக் கிண்ணத்தை எடுத்த நேரம், ஆதிரை மூக்கைச் சுளித்தாள்.

"அத்தை, ஏதோ வாசம் வருது" என்றாள்.

மூலையில் நின்ற புதுப் பெட்டி பச்சையாகத்தான் எரிந்தது. அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கூடத்தில் இருந்த அத்தனை பேரும், என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்காமல், எழுந்து வரிசையாக வாசலைத் தாண்டித் தென்னந்தோப்புக்குப் போனார்கள். விசாரித்ததில், அத்தைமார்களில் ஒருத்தி ஜவ்வாதைச் சற்றுத் தாராளமாகப் பூசிக்கொண்டு வந்திருந்தது தெரிந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. வந்தது வந்துவிட்டோம், காற்றாட இங்கேயே நடத்திவிடலாம் என்றாள் செல்வநாயகி. கயிற்றுக் கட்டில் மறுபடி வந்தது.

ஆனால் அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மருமகளிடம் போகாமல், கூட்டத்தின் ஓரத்தில் நின்ற சாருலதாவிடம் வந்தாள்.

"மொதல்ல நீங்க வைங் சம்பந்தி."

சாருலதா பின்னால் நகர்ந்தாள். வேண்டாமுங் என்றாள். உறவுக்காரர்களில் ஒருத்தி, அவர்கள் எப்படி என்று இழுத்தாள்.

செல்வநாயகி அந்த உறவுக்காரியின் பக்கம் திரும்பினாள். "பொட்ட எங்க வெக்கோணும்னு இந்த ஊருக்கே சொல்லிக் குடுத்தது அவிய. என்ர மருமகளுக்கு எங்க வெக்கோணும்னு அவியளுக்குத் தெரியாதாக்கும்?"

சாருலதா கிண்ணத்தில் விரலைத் தோய்த்தாள். சந்தனம் குளிர்ந்திருந்தது. ஆதிரை கன்னத்தைக் காட்டிச் சிரித்தாள். சாருலதா மூக்கில் படாமல் வைத்தாள்.